ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அதில் என்ன இருக்கிறது என்று உறுப்பினருக்குத் தெரியுமா?

சுண்ணக்கட்டி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஆசிரியர் சங்கத்தின் செயற்குழுவில் செய்தித் தொடர்புப் பொறுப்பை அண்மையில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகத்தோடு நெடுநாள் பேசி முடித்த புதிய கூட்டு ஒப்பந்தத்தின் முழுப் பிரதியையும் கையெழுத்தான கையோடு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் அனுப்பிவிட்டோம். இருந்தும், அதன் பிறகு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் கேட்கப்படும் கேள்விகளுள் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிரதியிலேயே விடை இருக்கிறது. மருத்துவ விடுப்பு எத்தனை நாள், கூடுதல் பாடவேளைக்குத் தனி ஊதியம் உண்டா, தகுதிகாண் பருவம் எப்போது முடிகிறது என்பன போன்ற, தேடினால் உடனே கிடைக்கக்கூடிய விவரங்கள் அவை.

கேள்விகள் வருவதில் எனக்கு வருத்தமில்லை. வராமலே போய்விடும் கேள்விகள்தாம் கவலை தருகின்றன. ஓர் உறுப்பினர் தமது இடமாறுதல் ஆணையை எதிர்த்து முறையீடு செய்ய விரும்பினார். பணி மூப்பின்படி வேறொருவரே முதலில் மாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதால் அவருடைய வாதம் வலுவாகவே இருந்தது. ஆனால் அவர் எங்களிடம் வந்தபோது முறையீட்டுக்கான காலக்கெடு கடந்துவிட்டிருந்தது. செயற்குழுவில் இது பேசப்பட்டபோது, "நாம் அனுப்பிய ஆவணத்தில் அந்தப் பிரிவு இருக்கிறது, அனுப்பியதோடு நம் கடமை முடிந்தது" என்று சிலர் கூறினர். அந்த ஆசிரியையோ, "கோப்பு எனக்கு வந்தது உண்மை, அதற்குள் என் விவகாரமும் இருக்கிறது என்று நான் எப்படி அறிவேன்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஒப்பந்தம், உரிமைகள், பணப்பயன்கள் ஆகிய மூன்றையும் பற்றி உறுப்பினருக்கு எதை, எப்போது, எவ்வளவு சொல்ல வேண்டும்? மற்றச் சங்கங்களில் இந்த வேலையைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.

நெடுங்கணக்கு

தோழருக்கு வணக்கம். உங்கள் செயற்குழுவில் "அனுப்பிவிட்டோம்" என்று சொன்னவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ஆசிரியை கேட்ட கேள்விக்குள் இன்னொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது, அதையே முதலில் பேச விரும்புகிறேன்.

பெரும்பாலான ஆசிரியர்கள் தங்கள் பணி நியமன ஆணையைத்தான் தங்களுடைய ஒப்பந்தம் என்று நினைக்கிறார்கள். அது அவர்கள் கையெழுத்திட்டு வாங்கி, பீரோவில் பத்திரமாக வைத்திருக்கும் தாள். கூட்டு ஒப்பந்தம் என்பது சங்கத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எங்கோ நடந்த ஒரு விவகாரமாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. இவ்விரண்டுக்கும் மேலே நாட்டின் சட்டம் இருக்கிறது என்பதும், கீழே எழுத்தில் வராத பணியிட வழக்கம் ஒன்று இருக்கிறது என்பதும், இந்த நான்கும் ஒன்றோடொன்று மோதும்போது எது நிற்கும் என்பதும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தராத பாடங்கள்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் நிறைவேற்றிய கூட்டு ஒப்பந்தங்கள் பற்றிய பரிந்துரை (எண் 91) இதற்கு ஒரு தெளிவான வழியைக் காட்டுகிறது. தனிநபர் பணி ஒப்பந்தத்தில் கூட்டு ஒப்பந்தத்துக்கு முரணான விதி இருக்குமானால் அது செல்லாது என்றும், அதன் இடத்தில் கூட்டு ஒப்பந்தத்தின் விதி தானாகவே வந்து அமரும் என்றும், ஆனால் தொழிலாளிக்குக் கூடுதல் நன்மை தரும் விதியை முரணானதாகக் கொள்ளக் கூடாது என்றும் அது கூறுகிறது. பரிந்துரை என்பதால் அது தானாக எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது என்பதைச் சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த விடையை ஒரே பக்கத்தில் எழுதி முதலில் அனுப்புங்கள். இந்த ஒரு பக்கம் புரியாதவருக்கு மற்ற அறுபது பக்கங்களும் வெறும் தாள்கள்.

அதே பரிந்துரையில் இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பணியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவரத் தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி வேலையளிப்பவரையே கட்டாயப்படுத்தச் சட்டம் இடம் தரலாம் என்பது அது. தெரிவிக்கும் பொறுப்பு முழுவதையும் சங்கம் தன் தலையில் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை. நியமன ஆணை வழங்கும் நாளிலேயே கூட்டு ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றையும் நிர்வாகம் கையளிக்க வேண்டும் என்ற ஒரு வரியை அடுத்த பேச்சுவார்த்தையில் கேட்டு வாங்கிவிடுங்கள். செலவில்லாத கோரிக்கை என்பதால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாம் மணி

நான் எந்தப் பொறுப்பிலும் இல்லாத, சந்தா கட்டுகிற சாதாரண உறுப்பினர். பொறுப்பில் இருப்பவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சங்கத்திலிருந்தும் சுற்றறிக்கைகள் வருகின்றன. விடைத்தாள் திருத்தும் வாரத்தில் வருகின்றன. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வருகின்றன. பத்தாவது பண்டிகை வாழ்த்துக்கும் பதினோராவது வாழ்த்துக்கும் நடுவே வருகின்றன. திறந்து பார்த்தால், "மேற்படி ஒப்பந்தத்தின் பிரிவு 14, உட்பிரிவு 3-இல் கண்டுள்ளவாறு, உரிய காலவரம்புக்குள் உரிய படிவத்தில் உரிய அலுவலரிடம் விண்ணப்பிக்குமாறு உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று இருக்கிறது. ஒரே வாக்கியத்தில் மூன்று "உரிய". எந்தக் காலவரம்பு, எந்தப் படிவம், எந்த அலுவலர் என்ற மூன்றும்தான் எனக்குத் தெரிய வேண்டியவை, அந்த மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அந்த வாக்கியம் சொல்லிவிடுகிறது.

எனக்கு ஒப்பந்தம் முழுவதும் தேவையில்லை. இந்தச் செய்தி என்னைச் சேர்ந்ததா, நான் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்பவை முதல் நான்கு வரிகளில் இருந்தால் மிச்சத்தைப் பொறுமையாகப் படித்துக்கொள்வேன்.

சுண்ணக்கட்டி

மூன்றாம் மணி அவர்களுக்கு நன்றி. குறுக்கீடு என்று ஏன் சொல்ல வேண்டும், உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இந்த இழையே.

நீங்கள் சொன்னபடி எங்கள் முறையீட்டுப் பிரிவைத் திருத்தி எழுதிப் பார்த்தேன். ஒப்பந்த வாசகம் இது: "ஒப்பந்தத்தின் விதி மீறப்பட்டதாகக் கருதும் ஆசிரியர், அந்நிகழ்வு தமக்குத் தெரியவந்த, அல்லது நியாயமான கவனத்துடன் இருந்திருந்தால் தெரியவந்திருக்கக்கூடிய நாளிலிருந்து பத்து வேலை நாள்களுக்குள் தமது உடனடி மேலலுவலரிடம் எழுத்து மூலம் முறையிடலாம்."

நான் எழுதியது: "உங்கள் பணி தொடர்பாக நியாயமற்ற ஆணை ஏதேனும் வந்தால் பத்து நாள்களுக்குள் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கிளைச் செயலாளரிடம் பேசுங்கள்."

இது போதுமா?

வழக்குமேசை

போதாது, தோழர். கோபித்துக்கொள்ள வேண்டாம், முறையீட்டு வழக்குகளைக் கையாளும் மேசையில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கொஞ்சம் கறாராகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் எளிய வடிவம் நான்கு இடங்களில் ஒப்பந்தத்தை மாற்றிவிட்டது. "வேலை நாள்கள்" என்பது "நாள்கள்" ஆகியிருக்கிறது. இடையில் விடுமுறை வந்தால் உறுப்பினர் தமக்கு நேரமில்லை என்று எண்ணி முறையிடாமலே விட்டுவிடக்கூடும். எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது மறைந்துவிட்டது; உங்கள் ஆசிரியையின் வழக்கில் சிக்கல் வந்த இடமே அதுவாக இருக்கலாம். ஆணை பிறப்பிக்கப்பட்ட நாள் ஒன்று, அவர் கைக்கு வந்த நாள் வேறொன்று, தமக்கு முன்னால் மாற்றப்பட வேண்டியவர் மாற்றப்படவில்லை என்பது அவருக்குத் தெரியவந்த நாள் மூன்றாவதாக ஒன்று. பிரிவின் வாசகத்தைப் பார்த்தால் மூன்றாவது நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று வாதிட இடமிருக்கிறது. காலக்கெடு முடிந்துவிட்டது என்று நீங்களாகவே முடிவுகட்டாமல், அந்தக் கோப்பை மறுபடியும் ஒருமுறை எடுத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது, "நியாயமற்ற ஆணை" என்பதும் "ஒப்பந்த விதி மீறல்" என்பதும் ஒன்றல்ல. நியாயமற்றதாகத் தோன்றும் பல காரியங்களை ஒப்பந்தம் தொடுவதே இல்லை. அவற்றுக்கெல்லாம் முறையீடு செய்து தோற்றால், சங்கத்தின் மீதுதான் உறுப்பினருக்கு நம்பிக்கை போகும். நான்காவது, "உடனடி மேலலுவலர்" எல்லா இடங்களிலும் தலைமையாசிரியராக இருக்கமாட்டார்.

என் யோசனை இது. எளிய விளக்கம் கட்டாயம் வேண்டும். ஆனால் அதன் பக்கத்திலேயே மூல வாசகமும் பிரிவு எண்ணோடு இருக்க வேண்டும். விளக்கத்துக்கும் மூலத்துக்கும் வேறுபாடு வந்தால் மூலமே செல்லும் என்ற வரி ஒவ்வொரு முறையும் இடம்பெற வேண்டும். காலக்கெடுவுக்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொடுங்கள். ஆணை ஒரு வெள்ளிக்கிழமை கைக்குக் கிடைத்தால், சனி, ஞாயிறு விடுமுறையாக இருக்குமிடத்தில், முதல் வேலை நாள் திங்கள். இடையில் வேறு விடுமுறை இல்லையென்றால் பத்தாவது வேலை நாள் அதற்கடுத்த வாரத்தின் வெள்ளி. இப்படி நாள்காட்டிக் கட்டத்தில் குறித்துக் காட்டினால் எவரும் தவறாக எண்ணமாட்டார்.

அடுத்து, ஒழுங்கு நடவடிக்கை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தகவல் சரியான நேரத்தில் போய்ச் சேராவிட்டால் அதிக சேதம் விளைவது இதில்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனெஸ்கோவும் இணைந்து கூட்டிய பாரிஸ் மாநாடு, 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று ஆசிரியர்களின் தகுநிலை பற்றிய பரிந்துரையை ஏற்றது. 1994 முதல் அந்த நாளைத்தான் உலக ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். வாழ்த்துப் படம் அனுப்புகிற எத்தனை பேர் அந்த ஆவணத்தின் 50-ஆம் பத்தியைப் படித்திருப்பார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் நினைத்துக்கொள்வேன். குற்றச்சாட்டையும் அதற்கான அடிப்படையையும் எழுத்து மூலம் அறியும் உரிமை, சான்றுகள் அனைத்தையும் பார்வையிடும் உரிமை, தாமே எதிர்வாதம் செய்யவும் தாம் விரும்பும் பிரதிநிதியைக் கொண்டு செய்யவும் உரிமை, அதற்குத் தயாராகப் போதிய அவகாசம், முடிவையும் அதன் காரணங்களையும் எழுத்தில் பெறும் உரிமை, மேல்முறையீட்டு உரிமை ஆகியவை அந்தப் பத்தியில் வரிசையாகக் கூறப்பட்டுள்ளன. இதுவும் சட்டமாகாத பரிந்துரைதான். இருப்பினும் உங்கள் ஒப்பந்தத்தில் இவற்றுள் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடையாது.

ஓர் உரிமை ஏட்டில் இருப்பதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை அறிய அமெரிக்காவின் வெயின்கார்ட்டன் தீர்ப்பைப் பாருங்கள். தண்டனைக்கு வழிவகுக்கலாம் என்று பணியாளர் நியாயமாகக் கருதும் விசாரணையில் சங்கப் பிரதிநிதியை உடன் வைத்துக்கொள்ளும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1975-இல் உறுதிசெய்தது. ஆனால் பணியாளர் தாமாக வாய்திறந்து கேட்டால்தான் அந்த உரிமை உயிர்பெறும். அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்று அவருக்கு நினைவூட்டும் கடமை அந்தத் தீர்ப்பின்படி நிர்வாகத்துக்குக் கிடையாது. அதனால்தான் அங்கே உள்ள சங்கங்கள், விசாரணை அறையில் சொல்ல வேண்டிய இரண்டு மூன்று வாக்கியங்களைப் பணப்பையில் அடங்கும் சிறு அட்டையில் அச்சிட்டுக் கொடுக்கின்றன. கையேடுகளைக் காட்டிலும் அந்த அட்டைக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

அரைப்பொழுது

பகுதிநேர ஆசிரியர் சார்பில் ஒரு குறை. சங்கங்களின் செய்திமடல்கள் யாவும் நிரந்தரப் பணியில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. எங்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று ஒருவரும் எழுதுவதில்லை. சந்தா பிடித்தத்தில் மட்டும் நாங்கள் விடுபடுவதில்லை.

நான் பணியாற்றும் நிறுவனத்தில் என் ஊதியத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்கிறேன். எண்களை எளிமைக்காக மாற்றியிருக்கிறேன். முழுநேர ஆசிரியருக்கு வாரத்தில் 24 மணி வகுப்பு; பாடத் தயாரிப்பு, திருத்தம், கூட்டங்கள் எல்லாம் சேர்த்து மொத்தப் பணிநேரம் 36 மணி. எனக்கு 12 மணி வகுப்பு. வகுப்பை வகுப்போடு ஒப்பிட்டால் நான் பாதி ஆசிரியர்; எனக்குப் பாதி ஊதியம் வர வேண்டும். அவர்களோ 12-ஐ 36-ஆல் வகுத்து மூன்றில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அதாவது முழுநேர ஆசிரியர் வீட்டில் உட்கார்ந்து பாடம் தயாரிப்பது வேலை. நான் தயாரிப்பது வேலையில்லை. ஊதியச் சீட்டில் "விகிதாச்சார ஊதியம்" என்ற ஒரு வரி மட்டுமே இருந்தது, எந்த விகிதம் என்று இல்லை. சக ஆசிரியை ஒருவர் எதேச்சையாகத் தம் சீட்டைக் காட்டியிருக்காவிட்டால் எனக்கு இன்றுவரை தெரிந்திருக்காது. சங்கத்தில் கேட்டேன், பகுதிநேர ஆசிரியர் பற்றிய பிரிவு ஒப்பந்தத்தின் கடைசி இணைப்பில் இருந்தது, வகுப்பு மணிநேரமே அடிப்படை என்று அதில் தெளிவாகவே இருந்தது. யாரும் அதுவரை படிக்கவில்லை.

நெடுங்கணக்கு

அரைப்பொழுது அவர்கள் எழுதியதை உங்கள் செயற்குழுவில் அப்படியே படித்துக் காட்டுங்கள், சுண்ணக்கட்டி. முறையாகப் பகுதிநேரப் பணியில் இருப்போர்க்கு விகிதப்படி அதே ஊதியமும் அதே அடிப்படைப் பணி நிலைமைகளும் வேண்டும் என்று 1966-ஆம் ஆண்டுப் பரிந்துரையே சொல்கிறது. விடுமுறை ஊதியம், நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு ஆகியவற்றையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆக, இணைப்பில் இருப்பது சலுகை என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஊதியச் சீட்டைப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது சங்கத்தின் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய கருத்து. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை (எண் 95), வேலையில் சேருமுன் ஊதிய நிபந்தனைகளையும், ஊதியம் வழங்கும் ஒவ்வொரு முறையும் மாறக்கூடிய விவரங்களையும் தொழிலாளிக்குப் புரியும்படி தெரிவிக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. உண்மையான ஊதியச் சீட்டு ஒன்றைப் பெயரை மறைத்துப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எந்தப் பிரிவின்படி வருகிறது, எந்தப் பிடித்தம் சட்டப்படியானது, எது உறுப்பினரின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தோடு மட்டுமே செய்யத்தக்கது என்று குறித்து ஓய்வறையில் ஒட்டுங்கள்.

பணப்பயன்களைப் பொறுத்தவரை, தாமாக வருபவை, கேட்டால் வருபவை என்று பிரித்துக்கொண்டால் வேலை எளிதாகும். ஆண்டு ஊதிய உயர்வு பெரும்பாலும் தானாக வரும். வராவிட்டால் சீட்டிலேயே தெரிந்துவிடும். மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுதல், உயர்கல்விக்கான ஊக்க ஊதியம், மகப்பேறு விடுப்பு போன்றவை விண்ணப்பித்தால் மட்டுமே வரும். அவற்றை எழுதும்போது "பிரிவு 22" என்று தலைப்பிடாமல், "குழந்தை பிறக்கவிருக்கிறதா?", "நெடுநாள் சிகிச்சை தேவைப்படுகிறதா?", "பணி ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கின்றனவா?" என்று வாழ்க்கை நிகழ்வை வைத்துத் தலைப்பிடுங்கள். மனிதர்கள் தங்கள் தேவையைத் தேடுவார்கள், பிரிவு எண்ணைத் தேடமாட்டார்கள். மகப்பேறு விடுப்புக்குக் குறைந்தது 14 வாரம் என்று பன்னாட்டு உடன்படிக்கை எண் 183 (2000) வரையறுக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது அதற்கு மேலா கீழா என்பதையும் அதே பக்கத்தில் எழுதலாம்.

தமக்குப் பின் பணப்பயன்கள் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வாரிசு நியமனப் படிவத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். பணியில் சேர்ந்த நாளில் பெற்றோர் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, திருமணத்துக்குப் பின்னும் குழந்தைகள் பிறந்த பின்னும் மாற்றாமல் விட்டவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பார்கள். அந்த ஆசிரியர் இறந்த பிறகு வைப்பு நிதிக்கும் காப்பீட்டுக்கும் அவருடைய குடும்பம் அலைகிற அலைச்சலைச் சங்கம் எழுதும் எந்தப் பரிந்துரைக் கடிதமும் குறைத்துவிடாது. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட வாரத்தில், அந்த ஒரே படிவத்தைச் சரிபார்க்கும்படி கேளுங்கள். வேறு எதையும் அந்த வாரத்தில் அனுப்பாதீர்கள்.

பழைய கிளை

இளையவர்கள் எழுதுவதை எல்லாம் படித்தேன். மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிய வேண்டும்.

அட்டை, கையேடு, அச்சிட்ட சீட்டு, குழுச் செய்தி என்று போகிற போக்கில் சங்கம் ஒரு விசாரணைக் கவுண்டராகிவிடும். உறுப்பினர் டோக்கன் எடுத்துக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளராகிவிடுவார். நான் கிளைப் பொறுப்பில் இருந்த காலத்தில் சுற்றறிக்கையை ஒட்டிவிட்டுப் போனதில்லை. உணவு இடைவேளையில் ஓய்வறைக்குள் சென்று, ஒரே ஒரு விஷயத்தைப் பத்து நிமிடம் பேசிவிட்டு, மற்ற நேரம் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். இடமாறுதல் பட்டியல் தயாராகிறது என்ற செய்தி எனக்கு அலுவலகத்திலிருந்து வந்ததில்லை, ஓய்வறையிலிருந்துதான் வரும். உங்கள் ஆசிரியை விஷயத்தில் அந்தப் பள்ளிக்கு ஒரு கிளைப் பிரதிநிதி இருந்தாரா, அவர் கடைசியாக எப்போது அங்கே போனார் என்ற கேள்வியை இந்த இழையில் யாருமே கேட்கவில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின், தொழிலாளர் பிரதிநிதிகள் பற்றிய 1971-ஆம் ஆண்டுப் பரிந்துரை (எண் 143), நிர்வாகத்தோடு ஒத்துக்கொண்ட, பணியாளர்கள் எளிதில் வந்துபோகும் இடத்தில் சங்க அறிவிப்புகளை ஒட்டவும், செய்தித் தாள்களையும் துண்டறிக்கைகளையும் பணியாளரிடம் வழங்கவும் நிர்வாகம் அனுமதிக்க வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் வந்ததும் பல கிளைகள் தங்கள் அறிவிப்புப் பலகையைத் தாமாகவே விட்டுக்கொடுத்துவிட்டன. விட்டுக்கொடுத்ததைத் திரும்பக் கேட்டால் எளிதில் கிடைக்காது.

சுண்ணக்கட்டி

ஐயா, அந்தப் பள்ளியில் கிளைப் பிரதிநிதி இடம் காலியாக இருக்கிறது என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் பட்டியலில் பார்த்தேன். மேலும் சில பள்ளிகளிலும் அப்படியே இருக்கிறது. அதைத் தனியாக எழுதிச் செயற்குழுவில் வைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கும்போது எவ்வளவு சொல்லலாம்? எங்கள் குழு கடைசி நாள்வரை ஒன்றுமே சொல்லவில்லை. பிறகு "வரலாற்று வெற்றி" என்று தலைப்பிட்டு ஓர் அறிக்கை வந்தது.

வழக்குமேசை

அந்தத் தலைப்பைப் பார்த்தாலே எனக்குக் கை நடுங்கும். எதையாவது கொடுக்காமல் எந்த ஒப்பந்தமும் முடிவதில்லை. கிடைத்ததை மட்டும் பெரிய எழுத்தில் போட்டுக் கொடுத்ததை மறைத்தால், உறுப்பினர் அதை மூன்று மாதம் கழித்து ஊதியச் சீட்டிலோ கால அட்டவணையிலோ கண்டுபிடிப்பார். அதற்குப் பின் சங்கம் உண்மையையே சொன்னாலும் நம்பமாட்டார். ஏற்புக்கான வாக்கெடுப்புக்கு முன்பே பழைய வாசகத்தையும் புதிய வாசகத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, நாம் பெற்றவை, நாம் விட்டவை, தீர்க்கப்படாமல் தள்ளிவைக்கப்பட்டவை என்று மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். "கூடுதல் பாடவேளைக்கு ஊதியம் பெற்றோம், அதற்காக வாரத்துக்கு ஒரு பாடவேளை கூடுவதற்கு ஒப்புக்கொண்டோம்" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டும் இருக்கட்டும். வாக்களிப்பவருக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் உரிமை இருக்கிறது. கணக்கைப் பார்த்து அவர் எதிர்த்து வாக்களித்தால் அதுவும் சங்க ஜனநாயகம்தான்.

நடக்கும்போது சொல்வது வேறு விஷயம். மேசையில் பேசுவதையெல்லாம் அன்றன்றே குழுவில் போட்டால் எதிர்த்தரப்புக்கு நம் கையிருப்பு தெரிந்துவிடும். தொடக்கத்திலேயே இரு தரப்பும் எதை வெளியிடலாம் என்று ஒரு நடைமுறையை எழுதிக்கொள்ளுங்கள். கோரிக்கைப் பட்டியல், அமர்வுகளின் தேதிகள், எந்தெந்தத் தலைப்புகள் பேசப்பட்டன என்பவற்றை வெளியிடுவதில் பொதுவாக ஆபத்தில்லை. எந்த எண்ணிக்கையில் இறங்கி வரத் தயார் என்பதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். முழு மௌனம் வதந்திக்குத்தான் தீனி போடும்.

மூன்றாம் மணி

வதந்தி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் குழுவில் ஒருவர் தமக்கு வந்த குறிப்பாணையைப் புகைப்படம் எடுத்துப் போட்டுவிட்டார். அதில் ஒரு மாணவியின் பெயர் இருந்தது. எல்லோரும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இதற்கெல்லாம் என்ன செய்வது?

வழக்குமேசை

உடனே நீக்கச் சொல்லுங்கள். அந்தப் புகைப்படமே அவர்மீது இரண்டாவது குற்றச்சாட்டாக வரக்கூடும். பெருங்குழு, பொதுச் செய்திக்கு மட்டும். தனிநபர் விவகாரம் கிளைச் செயலாளரிடம் நேரில், ஆவணம் மூடிய உறையில். குழுவில் போடுகிற எதுவும் நிர்வாகத்தின் மேசைக்குப் போகும் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

அரைப்பொழுது

உறுப்பினர் அல்லாதவர்களுக்கு இந்த விளக்கங்களைக் கொடுக்கலாமா? எங்கள் சங்கத்தில் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சந்தா கட்டாதவருக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

பழைய கிளை

ஒப்பந்த வாசகமும் பொது விளக்கமும் பூட்டி வைக்க வேண்டியவை அல்ல. ஒப்பந்தம் பெரும்பாலும் எல்லா ஆசிரியருக்கும் பொருந்துவது. தன் உரிமை தெரியாத ஓர் ஆசிரியர் சட்டத்துக்குப் புறம்பான ஆணைக்குத் தலையாட்டிவிட்டால், நாளை அதையே வழக்கம் என்று காட்டி உறுப்பினரிடமும் கேட்பார்கள். வழக்கு நடத்தித் தருவது, விசாரணையில் உடன் வருவது, சட்ட உதவி ஆகியவை உறுப்பினருக்கு. படித்துப் பார்த்தவர்தான் நாளைக்குச் சந்தா கட்ட வருவார். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தவரை நான் கண்டதில்லை.

நெடுங்கணக்கு

கொஞ்சம் நடைமுறைச் செய்தி. திருத்தங்களும் துணை உடன்பாடுகளும் வரும்போது பழைய கோப்பை நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும் பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. அது ஆபத்தானது. வழக்கமாக ஒரு நிகழ்வுக்குப் பொருந்துவது அந்த நிகழ்வு நடந்த நாளில் நடைமுறையில் இருந்த வாசகம்தான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதிவரை செல்லும் என்று அச்சிடுங்கள். பழைய பதிப்புகளைத் தேதிவாரியாக வைத்திருங்கள். அவற்றைப் பாதுகாப்பது யார் என்று பெயர் சொல்லிச் செயற்குழுத் தீர்மானத்தில் எழுதுங்கள். பொறுப்பாளர் மாறும்போது கோப்புகள் அவருடைய சொந்தக் கணினியோடு வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

சுண்ணக்கட்டி

அனைவருக்கும் நன்றி. அந்த ஆசிரியையின் கோப்பை இன்று மீண்டும் எடுத்துப் பார்த்தோம். இடமாறுதல் ஆணையில் உள்ள தேதிக்கும் அவர் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட தேதிக்கும் இடையே இடைவெளி இருக்கிறது. பணி மூப்புப் பட்டியல் அதற்கும் பிறகே பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டிய நாளைத் தலைமையாசிரியர் அதிலேயே குறித்துக் கையொப்பமிட்டிருக்கிறார். அந்த நாளிலிருந்து வேலை நாள்களை மட்டும் எண்ணினால், இடையில் வந்த பருவ விடுமுறையைக் கழித்து, வரும் செவ்வாய்வரை அவகாசம் இருக்கிறது. நிர்வாகம் இந்தக் கணக்கை ஏற்குமா என்பது வேறு. முறையீட்டை நாளையே கொடுத்துப் பெறுகைச் சீட்டு வாங்கிக்கொள்கிறோம். வழக்குமேசை அவர்கள் முறையீட்டின் வரைவை ஒருமுறை பார்த்துத் தர இயலுமா? தனிச் செய்தியில், பெயர்களை நீக்கி அனுப்புகிறேன்.

வழக்குமேசை

அனுப்புங்கள். பட்டியலின் நகலில் தலைமையாசிரியரின் கையொப்பமும் தேதியும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். மங்கலாக இருந்தால் பலகையிலிருந்து எடுப்பதற்குள் இன்னொரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.